மதுரை வெயிலில் ஃபாலனாப்சிஸ் ஆர்க்கிட்: இலை வருகிறது, பூ வரவில்லை

கோச்சடை மாடிவீடு

எல்லோருக்கும் வணக்கம். கோச்சடையில் முதல் மாடியில் இருக்கிறோம், தலைக்கு மேலே மொட்டைமாடி. போன வருஷம் இந்த வீட்டில் பால் காய்ச்சியபோது என் மனைவியின் தோழி பெங்களூரில் இருந்து ஒரு ஃபாலனாப்சிஸ் ஆர்க்கிட் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சளும் சிவப்புக் கோடும். ரெண்டரை மாதம் வரைக்கும் பூ வாடவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் பிளாஸ்டிக்கா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கு அப்புறம் ஒரு மொட்டுகூட வரவில்லை.

செடி சாகவில்லை. புது இலை வந்துகொண்டுதான் இருக்கிறது, நல்ல கரும்பச்சையாக. ஆனால் அடியில் இருக்கும் ரெண்டு இலைகள் சுருங்கித் தொங்குகின்றன. ஹாலில் டிவி பக்கத்தில் வைத்திருக்கிறோம். வாங்கிவந்த அதே கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் கப், உள்ளே வேரைச் சுற்றி அதே காய்ந்த பாசிநார். போர் தண்ணீர்தான், தினமும் காலையில் கொஞ்சம் ஊற்றி இலைமேலும் தெளிக்கிறோம். அம்மா வாரம் ஒரு தடவை அரிசி கழுவிய தண்ணீர் விடுகிறார். மேலே கொஞ்சம் மண்புழு உரமும் போட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டுத் தாத்தா நாலு டிஏபி உர உருண்டை போடச் சொல்கிறார். வீடியோக்களில் வாரம் மூணு ஐஸ்கட்டி வைக்கச் சொல்கிறார்கள்.

எதைச் செய்தால் பூக்கும்? இல்லை, மதுரைக்கு இது ஆகவே ஆகாதா? ஆகாது என்றால் சொல்லிவிடுங்கள், கொடைக்கானலில் இருக்கும் மச்சினரிடம் கொடுத்துவிடுகிறேன்.

மேலூர் ரோடு டென்ட்ரோபியம்

ஆகாது சார். நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஆர்க்கிட் வேண்டும் என்றால் டென்ட்ரோபியம் வையுங்கள். ஊதாவும் வெள்ளையும் கலந்த சோனியா ரகம், கல்யாண மேடை அலங்காரத்தில் பார்த்திருப்பீர்கள். நிழல்வலைக்கு அடியில் தொங்கவிட்டால் கத்திரி வெயிலிலும் குருத்து விடும், வருஷத்தில் ரெண்டு மூணு தடவை பூக்கும். வேண்டா வெறுப்பாகத் தண்ணீர் ஊற்றினாலும் கோபித்துக்கொள்ளாது. வாண்டாவும் அப்படித்தான். நம் ஊர்ப் பக்கம் மாமரத்திலும் புளியமரத்திலும் தானாகவே ஒட்டி வளரும் வாண்டா ஜாதிகூட உண்டு. அதை விட்டுவிட்டு ஃபாலனாப்சிஸைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்?

தெப்பக்குளம் டீச்சர்

தம்பி, ஆகும். உரத்தால் ஆகாது, அவ்வளவுதான். மேலூர்க்காரர் சொல்கிற டென்ட்ரோபியம் நல்ல செடிதான், என் வீட்டு மாடியிலும் தொங்குகிறது. ஆனால் கேட்டது அதை இல்லையே.

பூக்கவில்லை என்றதும் உரத்தைத் தேடி ஓடுவது மல்லிகை வளர்க்கிற ஊர்ப் பழக்கம். மல்லிக்குக் கவாத்து பண்ணி, எருப் போட்டு, நல்ல வெயிலில் விட்டால் பூத்துத் தள்ளும். ஃபாலனாப்சிஸுக்கு அந்த வெக்கைதான் தடையே. 28, 29 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இது இலையும் வேரும் விட்டுக்கொண்டு சும்மா இருக்கும். உங்கள் செடி செய்வது அதைத்தான். தைவானிலும் நெதர்லாந்திலும் பெரிய பெரிய கூடங்களில் இதை வளர்ப்பவர்கள் இந்தக் குணத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். செடி தேறும் வரை 28 டிகிரியை ஒட்டி வைத்திருப்பார்கள், பூ வேண்டாத நேரத்தில் பூக்கக் கூடாது என்பதற்காகவே. விற்கிற தேதியில் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு 20 டிகிரியை ஒட்டிய கூடத்துக்கு மாற்றுவார்கள். நாலில் இருந்து ஆறு வாரத்தில் பூத்தண்டு எட்டிப் பார்க்கும்.

உடனே யாராவது வந்து "ராத்திரி ஏசி போட்ட ரூமில் வையுங்கள், போதும்" என்பார்கள். பாதிதான் சரி. பகல், ராத்திரி இரண்டில் எது முக்கியம் என்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தனித்தனியாகப் பிரித்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள், 2006-ல் வெளியான ஆய்வு அது. பகலில் 29 வைத்து ராத்திரி 17 வரைக்கும் இறக்கிய செடிகள்கூடப் பெரும்பாலும் தண்டு விடவில்லை. பகல் சூடு குறைந்தால்தான் தண்டு. மதுரையில் பலர் வீட்டில் ராத்திரி ஏசி ஓடியும் இது பூக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் கணக்கு. ராத்திரி 24-ல் சுகமாக இருந்துவிட்டு, பகல் முழுக்க 32-ல் வேகிறது.

மார்கழி, தையில் நமக்குப் பகல் உச்சம் 30-ஐ ஒட்டி நிற்கும், ராத்திரி 20, 21 வரை இறங்கும். 30 என்பது வெளியில். வீட்டுக்குள்ளே எந்த மூலை குளிர்ச்சி என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. என்னுடையது பழைய காரை வீடு, சுவர் கனம். அந்த மாதங்களில் முற்றத்தை ஒட்டிய நடையில் உச்சி வேளையிலும் 26-ஐத் தாண்டாது. என் செடிகளுக்கு அங்கேதான் தண்டு வருகிறது. உங்களுடையது கான்கிரீட் கூரை, மேலே மொட்டைமாடி வேறு. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கி, ஒவ்வொரு அறையிலும் ரெண்டு நாள் வைத்துப் பாருங்கள். வடக்கு, கிழக்குப் பக்க அறைதான் ஜெயிக்கும். கீழ் வீட்டுக்காரர்கள் பழக்கமானவர்கள் என்றால் மார்கழி பிறந்ததும் செடியை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

இப்போது ஐப்பசி. அதற்குள் செய்ய வேண்டியது, செடியை அந்தக் கப்பில் இருந்து வெளியே எடுப்பது. அடி இலை சுருங்குகிறது என்றால் தண்ணீர் பற்றவில்லை என்று நினைப்போம். தினமும் ஊற்றுகிறீர்களே, அப்புறம் எப்படிப் பற்றாமல் போகும்? வேர் அழுகியிருக்கும், அதனால் குடிக்க முடியவில்லை. பாசியை மெதுவாகப் பிரித்துக்கொண்டே போனால் நடுவில் கெட்டியாக ஓர் உருண்டை கிடைக்கும். குட்டிச் செடியாக நர்சரியில் இருந்தபோது அதில்தான் ஊன்றியிருப்பார்கள். மேலே காய்ந்து நார் நாராக இருந்தாலும் அந்த உருண்டை உள்ளே சொதசொதவென்று இருக்கும். அதை முழுக்க எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வேரையும் ரெண்டு விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல வேர், நிறம் பழுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. பிசுபிசுவென்று அமுங்கினால் அப்படியே உருவுங்கள், மேல்தோல் கழன்று வந்து உள்ளே இருக்கும் மெல்லிய நரம்பு மட்டும் கையில் நிற்கும். அது போன வேர். நெருப்பில் காட்டிய கத்தரியால் வெட்டிவிட்டு, வெட்டிய வாயில் மட்டும் லவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வையுங்கள். நல்ல வேரின்மேல் அந்தத் தூள் படக் கூடாது, உலர்த்திவிடும்.

மண் கூடவே கூடாது. மண்புழு உரத்தையும் வழித்துப் போட்டுவிடுங்கள். காட்டில் மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு, காற்றில் வேரைத் தொங்கவிட்டு வாழ்கிற செடி இது. வேருக்குக் காற்று போகவில்லை என்றால் மூச்சு முட்டிப் போகும். பைன் பட்டைத் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி மூன்றையும் கலந்து போடுங்கள். கரிக்காக ஆர்க்கிட் கடைக்குப் போய் அழ வேண்டாம், இஸ்திரி வண்டிக்காரர்கள் வாங்குகிற விறகுக் கரிக் கடையிலேயே வாங்கி, சுண்டுவிரல் நுனி அளவுக்கு உடைத்துக் கழுவுங்கள். மட்டைத் துண்டை நாலைந்து நாள் ஊறவைத்துத் தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். அதில் உப்பு இருக்கும், துவர்ப்பும் இருக்கும். காப்பி நிறம் போய் தண்ணீர் தெளிகிற வரைக்கும் விடக் கூடாது. தொட்டி உங்கள் இஷ்டம். மானாமதுரை மண் தொட்டியில் பக்கவாட்டில் துளை போட்டு வாங்கினால் வேருக்குச் சுகம், ஆனால் சீக்கிரம் காயும். பிளாஸ்டிக் கப்பில் ஒரு வசதி, வேர் கண்ணுக்குத் தெரியும். முதல் தடவை என்றால் பிளாஸ்டிக்கே இருக்கட்டும், ஓட்டை மட்டும் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேர் தெரிய வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், தண்ணீருக்கு அதுதான் கடிகாரம். நனைந்த வேர் பச்சையாக இருக்கும், காய்ந்ததும் வெள்ளி பூசினாற்போல் வெளுக்கும். எல்லா வேரும் வெளுத்த பிறகு, ஒரு வாளித் தண்ணீரில் தொட்டியைக் கழுத்தளவு இறக்கிப் பத்து நிமிஷம் வைத்து, எடுத்து, நன்றாக வடியவிட வேண்டும். கோடையில் மூன்று நாளைக்கு ஒரு தடவை வரும், அடைமழைக் காலத்தில் வாரம் ஒரு தடவைகூட வரலாம். நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள். இலைமேல் தெளிப்பதை நிறுத்துங்கள். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி ராத்திரி முழுக்க நின்றால் குருத்து அழுகும். இந்தச் செடிக்கு ஒரே ஒரு குருத்துதான், அது போனால் உயரமாக வளர வேறு வழி கிடையாது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் மதுரையில் எந்தச் செடிப் பேச்சும் முடியாது. ரிட்டையர் ஆகும் வரை கெமிஸ்ட்ரி எடுத்தவள், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற பேனா அளவு டிடிஎஸ் மீட்டர் எப்போதும் கைப்பையில் இருக்கும். எங்கள் தெரு போர் தண்ணீர் 1,400 காட்டுகிறது. ஆர்க்கிட்டுக்கு 200-க்குள் இருந்தால் நல்லது. வேர் நுனி கருகுவதும் பட்டைமேல் வெள்ளையாகப் பூப்பதும் இந்த உப்பால்தான். இப்போது பெய்கிற மழையை மாடிக் குழாயில் இருந்து டிரம்மில் பிடித்து, கொசு போகாமல் துணி கட்டி வையுங்கள். முதல் மழைத் தண்ணீரை மட்டும் விட்டுவிடுங்கள், மாடி அழுக்கெல்லாம் அதில்தான் வரும். தீர்ந்துபோனால் ஆர்ஓ தண்ணீர். ஆர்ஓ மிஷினின் கழிவுக் குழாயில் வருவது வேறு, அதில் உப்பு இன்னும் அதிகம், அதைப் போய் ஊற்றிவிடாதீர்கள்.

உரம் என்றால் 19:19:19, தண்ணீரில் கரைவது, எந்த உரக்கடையிலும் கிடைக்கும். லிட்டருக்கு அரை கிராம், அதற்குமேல் வேண்டாம். வாரம் ஒரு தடவை கொடுத்துவிட்டு, மாதத்தில் ஒரு வாரம் வெறும் தண்ணீரால் அலசிவிடுங்கள். டிஏபியைத் தாத்தா அவருடைய செடிகளுக்கே போட்டுக்கொள்ளட்டும். அரிசி கழுவிய தண்ணீர் புளித்துப் பூஞ்சை பிடிக்கும், அம்மாவிடம் கறிவேப்பிலைக்கு ஊற்றச் சொல்லுங்கள். ஐஸ்கட்டியைப் பற்றி 2017-ல் ஓஹையோ, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆய்வு செய்து, பட்டையில் வளரும் செடிக்கு அதனால் வேர் கெடவில்லை என்று சொன்னார்கள். சரி, கெடாது. அது தண்ணீரை அளந்து ஊற்ற ஒரு வழி. ஐஸ் வைத்தால் பூக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை.

கடைசியாக வெளிச்சம். கரும்பச்சை இலை பார்க்க அழகு, செடிக்கு அது பசி. டிவி பக்கத்தில் வைத்தால் அப்படித்தான் ஆகும். கிழக்கு ஜன்னலில் எட்டு, எட்டரை வரைக்கும் இளவெயில் படலாம். அதற்குமேல் வெளிச்சம் மட்டும், வெயில் கூடாது. இலைக்கு மேலே கையை நீட்டினால் நிழல் மங்கலாக விழ வேண்டும், கூர்மையாக விழுந்தால் வெயில் அதிகம். இலை வெளிர்பச்சைக்கு மாறினால் சரியான இடம். மேற்குப் பால்கனி பக்கம் சித்திரையில் தலைவைத்துப் படுக்கவே கூடாது, ஒரே மத்தியானத்தில் இலை வெந்து வெள்ளைத் திட்டு விழுந்துவிடும்.

அண்ணா நகர் பல் டாக்டர்

டீச்சர் சொல்கிற பகல் சூட்டு விஷயம் என் கிளினிக்கில் கண்கூடாக நடக்கிறது. காலை பத்தில் இருந்து இரவு எட்டு வரைக்கும் வரவேற்பறையில் ஏசி 24-ல் ஓடும். வடக்குப் பக்கம் பெரிய கண்ணாடி, அதை ஒட்டி ஒரு ஊதா ஃபாலனாப்சிஸ். வருஷம் தவறாமல் தண்டு விடுகிறது, மார்கழியா வைகாசியா என்று அது பார்ப்பதில்லை. இதே செடியின் ஜோடி என் வீட்டில், ராத்திரி மட்டும் ஏசி ஓடும் அறையில் இருக்கிறது. இலை மட்டும் கையகலத்துக்கு வருகிறது, பூ இல்லை.

ஏசிக் காற்று நேராக மேலே அடிக்கக் கூடாது. மொட்டு மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்துவிடும். தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி, தொட்டியின் அடி தண்ணீரில் படாமல் அதன்மேல் வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது பகலில் ஏசி ஓடுகிற ஆபீஸ் இருந்தால், மேனேஜரிடம் கேட்டு ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஏசி இல்லாததால் என் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

தாண்டிக்குடி காப்பி

கோச்சடை அண்ணே, கொடைக்கானல் மச்சினருக்குக் கொடுக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். மேல்மலையில் இது நடுங்கிப் போகும். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் அங்கே 10 டிகிரிக்குக் கீழே போகும், ஃபாலனாப்சிஸுக்கு 15-க்குக் கீழே போனாலே ஆகாது. கொடைக்கானல் போனால் செண்பகனூர் மியூசியத்து ஆர்க்கிட் கூடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், செடியைக் கொண்டுபோக வேண்டாம். கீழ்மலைதான் இதற்கு அளவு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிக்கு எது ஒத்துவருகிறதோ அதுவே இதற்கும் ஒத்துவருகிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் சில்வர் ஓக் நிழலில் இருக்கும் செடிகள் கார்த்திகையில் யாரும் கேட்காமலே தண்டு விடுகின்றன. மதுரையில் இருக்கும் எங்கள் அத்தை தீபாவளிக்கு வரும்போது செடியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பொங்கல் கழித்துத் தண்டோடு எடுத்துக்கொண்டு போவார்.

எங்களுக்கு இருக்கிற தொல்லை நத்தை. ராத்திரியில் வந்து வேர் நுனியையும் இளம் தண்டையும் தின்றுவிட்டுப் போகும். காலையில் பார்த்தால் பளபளவென்று கோடு மட்டும் இருக்கும்.

மேலூர் ரோடு டென்ட்ரோபியம்

கிளினிக், காப்பித் தோட்டம், காரை வீடு. நான் சொன்னதைத்தான் மூன்று பேரும் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்!

தெப்பக்குளம் டீச்சர்

இல்லை சார், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஃபாலனாப்சிஸ் எல்லாம் ஒரே குணம் இல்லை. கடையில் கிடைக்கிற பெரிய வெள்ளை, பெரிய ஊதா ரகங்களுக்குத்தான் இவ்வளவு குளிர்ச்சி வேண்டும். இவற்றைக் கலப்புச் செய்வது நேற்று தொடங்கிய வேலை இல்லை, இங்கிலாந்தில் வீட்ச் நர்சரியில் மனிதர் கைபட்ட முதல் கலப்பு 1886-லேயே பூத்தது. அதற்கப்புறம் எத்தனையோ ஜாதிகளின் ரத்தம் கலந்தாகிவிட்டது. மலேசியா, போர்னியோ பக்கத்துத் தாழ்நிலக் காட்டுச் செடிகளான வயலேசியா, பெலினா கலந்த ரகங்களைக் கேட்டு வாங்குங்கள். பூ சின்னது, மெழுகு பூசினது போல் தடிப்பு, வாசனையும் உண்டு. பெரிய வெள்ளையில் அந்த வாசனை கிடையாது. அவை வெக்கையான மாதங்களில் பூக்கிற ஜாதி. ஒரே நேரத்தில் கொத்தாகப் பூக்காது, ஒன்று ரெண்டாக, ஒரே தண்டில் மாதக்கணக்கில் பூத்துக்கொண்டிருக்கும். தண்டு பச்சையாக இருக்கும் வரை வெட்டக் கூடாது, அடுத்த வருஷமும் அதிலேயே மொட்டு வரும். எனக்குப் பெரிய வெள்ளையைவிட இதுதான் பிடிக்கும், மதுரைக்காரிக்கு வாசனை இல்லாத பூவைப் பூ என்றே சொல்ல வாய் வராது.

கோச்சடை மாடிவீடு

டீச்சரம்மா, தை பிறந்தாச்சு, அதனால் திரும்ப வந்திருக்கிறேன். நீங்கள் சொன்னபடி ஐப்பசியிலேயே பிரித்துப் பார்த்தோம். பாதி வேர் போயிருந்தது, அந்த உருண்டையும் அப்படியே நடுவில் இருந்தது. கரி, மட்டை, பட்டை போட்டு மாற்றினோம். அம்மா அரிசித் தண்ணீரைக் கைவிட மறுத்தார், ஒரு வழியாகக் கறிவேப்பிலைக்கு மாற்றியாச்சு. மார்கழியில் இருந்து கீழ் வீட்டு ஆச்சி வீட்டுக் கிழக்கு அறையில் இருக்கிறது. வெப்பமானியில் பகல் 26, 27-ஐத் தாண்டவில்லை.

இப்போது மேலிருந்து மூன்றாவது இலையின் அடியில் பச்சையாக ஒன்று முளைத்திருக்கிறது, ஒரு பயறு அளவுக்கு. ஆச்சி வேர் என்கிறார், என் மனைவி பூ என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது? பூ என்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

தெப்பக்குளம் டீச்சர்

கிட்டப் போய் நுனியைப் பாருங்கள் தம்பி. வேர் என்றால் நுனி உருண்டையாக, வழவழவென்று பளபளக்கும், சில சமயம் செம்பு நிறம் காட்டும், போகப் போக அதன் பின்பக்கம் வெள்ளியாக வெளுக்கும். பூத்தண்டு என்றால் நுனி சற்றுத் தட்டையாக, கிளி மூக்கு போல் ஒரு பக்கம் மடிந்திருக்கும், பளபளப்பு இருக்காது, ஒரு செதில்மேல் இன்னொன்று மூடினாற்போல் கோடு தெரியும். இலைக் கக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தால் பெரும்பாலும் தண்டு. இன்னும் சந்தேகம் என்றால் ஒரு வாரம் பொறுங்கள். தண்டு வெளிச்சத்தைப் பார்த்து மேலே ஏறும், வேர் தன் இஷ்டத்துக்குப் பக்கவாட்டில் போகும்.

தண்டு என்றால் தொட்டியின் எந்தப் பக்கம் ஜன்னலைப் பார்க்கிறது என்று ஒரு குறி போட்டுவிடுங்கள். தண்ணீருக்கு எடுத்துவிட்டுத் திரும்ப அதே பக்கமாக வைக்க வேண்டும். மாற்றி மாற்றி வைத்தால் தண்டு முறுக்கிக்கொண்டு, பூ ஆளுக்கொரு திசையைப் பார்க்கும். ஒரு சாண் வளர்ந்ததும் மூங்கில் குச்சி ஊன்றி, தளர்வாகக் கட்டுங்கள். தண்டு குளிர்ந்த காலை நேரத்தில் விறைப்பாக இருக்கும், மத்தியானம் சற்று வளையும், அப்போது கட்டினால் ஒடியாது.

மொட்டு விரியப் பங்குனி ஆகிவிடும், மூன்று மாதம் எடுக்கும். அதற்குள் வெக்கை ஏறிவிடும், அதனால் ஆச்சி வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் அந்த அறையில் வாழைத்தார் தொங்கவிடுவது, வைக்கோலில் மாங்காய் பழுக்கவைப்பது எதுவும் வேண்டாம் என்று ஆச்சியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பழுக்கிற பழத்தில் இருந்து எத்திலீன் வாயு வரும், அது பட்டால் மொட்டு விரியாமலே உதிரும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் வேறு அறையில் இருக்கட்டும், புகையும் அதே வேலையைச் செய்யும். மாவுப்பூச்சி வந்தால் மொட்டுக்கு வேப்பெண்ணெய் அடிக்க வேண்டாம், பஞ்சில் மருந்துக்கடை ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்து எடுங்கள்.

பூ முடிந்ததும் தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள். ரெண்டாவது கணுவுக்கு மேலே வெட்டினால் கிளைத்து இன்னொரு தடவை பூக்கும் என்பார்கள், உண்மைதான், ஆனால் பாதி வேரை இழந்த செடி உங்களுடையது, கத்திரி வெயிலையும் தாண்ட வேண்டும். இந்த வருஷம் வேண்டாம்.